நாயின் பற்பேணல்

நாயின் பல்லைப்பற்றி ஒரு கட்டுரை வரையப் புகுந்தேன் என்று கேட்டவுடன் என் விடுதித் தோழர் நகைத்தார். தொல்காப்பியம் பயிலும் மாணவனுக்கு எழுத வேறு பொருள் கிடைத்திலதோ என்பது அவர் வினா. பொருள் கிடையாமையால் இதனை எடுத்தேனல்லேன். எம் வீட்டில் வளரும் முத்து என்னும் சிறு நாய் சென்ற ஆண்டு மூன்று பற்களை இழந்தது. அதற்குக் காரணம் நாயின் முதுமையன்று, எங்கள் அறியாமை. அவ்வறியாமை எம் வீட்டிற்கு மட்டும் உரியதன்று எனக் கருதியே, பட்டறிந்தவற்றையும் கேட்டறிந்தவற்றையும் இங்கே தொகுத்துக் கூறலானேன்.

முத்து, பொமரேனியன் எனப்படும் சிறுசாதி நாய், ஆறு வயதினது, எம் ஆச்சியின் செல்லம். பாலில் தோய்த்த பிஸ்கோத்தும் குழைந்த சோறும் உண்டு வளர்ந்தது. எதனையும் எளிதில் ஏலாத இயல்பு அதற்குப் பிறவியிலேயே உண்டு. சோறு சற்று ஆறிப்போயினும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். புதிய தட்டில் இட்டால் முகர்ந்து பார்த்துவிட்டு அகன்று போகும். அதன் வாய் நாறத்தொடங்கியபொழுது, நாயின் வாய் நாறாமல் மல்லிகையோ மணக்கும் என்று ஆச்சி கூறினார்கள், யாமும் உடன்பட்டோம். கடைவாய்ப் பற்கள் பழைய ஏட்டுச்சுவடியின் நிறத்தை அடைந்தன. முத்தென்னும் பெயருக்கும் அப்பற்களுக்கும் ஒரு தொடர்பும் இல்லாதொழிந்தது.

அக்காலத்தில் விடுமுறைக்கு வீடு சென்றிருந்த யான், கற்றவன் என்னும் செருக்கினால், பழைய டூத் பிரஷ் ஒன்றில் எம் வீட்டுப் பற்பசையை இட்டு, தம்பியை நாயின் உடலைப் பற்றிக்கொள்ளச் செய்து, வாயைப் பிளந்து தேய்க்கப் புகுந்தேன். அரை நிமிடமும் சென்றிராது. என் சுட்டுவிரலிலிருந்து குருதி ஒழுகிற்று. முத்துவுக்குத் தடுப்பூசி இடப்பட்டிருந்தும், காயத்தைச் சவர்க்காரமிட்டு நெடுநேரம் கழுவிவிட்டு, மருத்துவமனைக்குச் சென்று யானும் ஊசி இட்டுக்கொண்டேன். அன்றுமுதல் என் கையில் குச்சிபோன்ற பொருள் எதனைக் காணினும் முத்து கட்டிலின்கீழ்ப் புகுந்துகொள்ளலாயிற்று. பிடிவாதம் பிடித்த நாய் என்று அதற்குப் பட்டமும் சூட்டினோம்.

இரண்டு மாதம் கழிந்தபின், அதன் இடக்கண்ணின்கீழ் ஒரு வீக்கம் தோன்றிற்று. குளவி கொட்டியிருக்கும் என எண்ணிக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றோம். அவர் கண்ணைப் பாராமல் உதட்டை உயர்த்திப் பல்லைப் பார்த்தார். மேல்வாயில் நான்காவது முன்கடைவாய்ப் பல்லுக்கு மூன்று வேர்கள் உண்டு. அவ்வேர்களின் நுனி கண்ணுக்குக் கீழே அமைந்துள்ளது. அங்கே சீழ் கட்டினால் வீக்கம் கன்னத்தில் வெளிப்படும் என்று விளக்கினார். பல மாதங்களாக அந்நோவை அது பொறுத்திருந்தது என்பதும் அப்பொழுதே எமக்குப் புலனாயிற்று. நாய் பல்வலியால் உணவை எளிதில் விடாது. ஒருபுறமாக மெல்லும், வன்மையான பண்டத்தை வாயிலிட்டுப் பின் கீழே நழுவவிடும், முகத்தைத் தரையில் உராயும். இவையெல்லாம் முத்து செய்தவையே. யாம் இவற்றை அதன் நாகரிகமென்றும் நொறுங்கத்தின்னாத செல்லமென்றும் பொருள் கொண்டோம். பிரஷைக் கண்டு அது கடித்தது பிடிவாதத்தாலன்று; நொந்த ஈற்றில் யான் தேய்த்தமையால்.

இனி நோயின் தன்மையைச் சிறிது ஆராய்வோம். முதிர்ந்த நாய்க்குப் பற்கள் 42. மேல்வாயில் 20, கீழ்வாயில் 22. நாயின் இளமைக்குக் குருளை என்று பெயர் வகுத்தது தொல்காப்பிய மரபியல். அக்குருளைப் பருவத்தில் எழும் பாற்பற்கள் 28; ஏறக்குறைய ஏழாம் மாதத்திற்குள் அவை உதிர்ந்து நிலைத்த பற்கள் தோன்றிவிடும். சிறுசாதி நாய்க்குத் தாடை சிறிதாயினும் பற்களின் தொகை குறைவதில்லை. ஆகலின் அவை ஒன்றையொன்று நெருக்கி நிற்கும். இடுக்குகளில் அழுக்குத் தங்கும். நோயும் அவற்றுக்கே மிகுதி.

பல்லின்மேற் படியும் மென்மையான அழுக்கை ஊத்தை என்கிறோம். அஃது இறுகிக் கல்லானதைக் காரை என்கிறோம். இவ்விரு சொற்களின் வேறுபாட்டை உணர்ந்தவர் இப்பொருளிற் பாதியை உணர்ந்தவராவர். ஊத்தை வெறும் உணவுத்துகளன்று. உமிழ்நீரின் பசையோடு எண்ணிறந்த நுண்ணுயிர்கள் சேர்ந்து பல்லின்மேல் விரிக்கும் படலம் அது. துலக்கிய சில மணி நேரத்திலேயே மீண்டும் படியத்தொடங்கும். ஈரத்துணியை விரலிற் சுற்றித் துடைத்தாலும் அது நீங்கும். துடையாது விட்டாலோ, இரண்டு மூன்று நாட்களில் உமிழ்நீரிலுள்ள சுண்ணச்சத்து அதனோடு சேர்ந்து இறுகத்தொடங்கும். அதன்பின் எத்துணைத் தேய்ப்பினும் பிரஷால் நீங்காது. சுவருக்குப் பூசும் சுண்ணச்சாந்துக்கும் காரை என்பதே பெயராதல் காண்க. பல்லின் கல்லுக்கு அப்பெயர் இட்ட நம் முன்னோர் வேதியியல் கற்றவரல்லர். எனினும் எவ்வளவு பொருத்தமாக இட்டனர்!

மனிதர் உமிழ்நீரினும் நாயின் உமிழ்நீர் காரத்தன்மை மிக்கது. அதனால் நமக்குப் பெருவழக்கான சொத்தைப்பல் நாய்க்கு அரிதாக, காரை மட்டும் எளிதில் உண்டாகிறது. மேல்வாய்க் கடைவாய்ப் பற்களின் அருகே உமிழ்நீர்க் குழாய்கள் வந்து திறத்தலின், அவற்றின் கன்னத்துப் பக்கத்திலேயே காரை முதலிற் கட்டும். உதட்டின் ஓரத்தைச் சிறிது உயர்த்திப் பார்ப்பார்க்கு அது தெரியும். முன்பற்களை மட்டும் கண்டு அமைதியுறுவார்க்குத் தெரியாது.

கண்ணுக்குத் தெரியும் காரை அவ்வளவு பொல்லாததன்று. ஈற்றின்கீழ் நுழையும் ஊத்தையே பகை. முதலில் ஈற்றின் விளிம்பு சிவந்து வீங்கும். இந்நிலையில் தூய்மை செய்தால் ஈறு பழையபடி ஆகும். அதனைக் கடந்தால், பல்லைத் தாங்கும் எலும்பு கரையத்தொடங்கும்; கரைந்த எலும்பு தானே மீளாது. பல் ஆடும், சீழ் கட்டும். மேல்வாய்க் கோரைப்பல்லின் வேர்ப்புறம் அழிந்தால் வாய்க்கும் மூக்கிற்கும் இடையே துளை விழுந்து, உண்ட உணவு மூக்கிற் சென்று நாய் ஓயாது தும்முதலும் உண்டு. சிறு நாய்களிற் கீழ்த்தாடை எலும்பு மெலிந்து முறிதலும் கூடும். வாய் நாற்றம் நாயின் இயல்பு என்று கூறும் வழக்கு எத்துணைத் தீங்கினது என்பது இதனால் விளங்கும்.

முத்துவுக்கு மயக்கமருந்து கொடுத்துக் காரையை அகற்ற வேண்டும் என்று மருத்துவர் கூறியபொழுது ஆச்சி அஞ்சினார்கள். பல் துலக்குவதற்கு மயக்கம் எதற்கு என்பது அவர்கள் கேள்வி. ஈற்றின்கீழ்க் கருவியைச் செலுத்திச் சுரண்டுதலும், வேர்களை எக்ஸ்ரே படம் எடுத்தலும் விழித்திருக்கும் நாயிடம் இயலா. மயக்கமின்றி மேற்பல்லை மட்டும் சுரண்டினால் பல் வெண்மையாய்த் தோன்றும்; ஈற்றின்கீழ் நோய் அப்படியே இருக்கும். வீட்டிலே கத்தியோ ஊசியோ கொண்டு காரையைப் பெயர்ப்பாரும் உளர். அது பல்லின் மேற்பூச்சைக் கீறும். கீறிய இடத்தில் ஊத்தை முன்னினும் விரைவாகப் பற்றும். இவற்றைக் கேட்டபின் ஆச்சி இசைந்தார்கள். முன்னதாகக் குருதியைச் சோதித்து, ஒரு காலைப்பொழுதில் அச்செயலை முடித்தார்கள். காப்பாற்ற இயலாத மூன்று பற்கள் களையப்பட்டன. மாலையில் வீடு திரும்பிய முத்து மறுநாளே கூழ் உண்டது.

ஆயினும் தூய்மை செய்த பல்லிலும் அன்றே ஊத்தை படியத்தொடங்கும் அன்றோ? பிரஷைக் கண்டால் ஒளியும் நாய்க்கு நாள்தோறும் பல் துலக்குவது எங்ஙனம்? இவ்விடத்தில் யாம் கற்றது சிறிது விரித்துரைக்கத்தக்கது.

புண் ஆறும்வரை வாயைத் தொடவில்லை. பின்னர் என்னை விலக்கிவிட்டு, முத்துவின் நம்பிக்கைக்குரிய என் தங்கை அப்பணியை மேற்கொண்டாள். இடமும் மாறிற்று, யான் அதனைப் பிடித்து அழுத்திய கூடத்தை விட்டுத் திண்ணையில் ஒரு பாயை விரித்தாள். இரவு உணவு முடிந்தபின், உப்பும் வெங்காயமும் பூண்டும் சேராத கோழிச்சாற்றில் விரலை நனைத்து நக்கக் கொடுத்தாள். வெங்காயமும் பூண்டும் நாய்க்கு நஞ்சென்பதை இங்கே நினைவிற் கொள்க. முதல் வாரம் முழுவதும் இவ்வளவே நடந்தது. எனக்கு அது வீண் காலப்போக்காகத் தோன்றிற்று. இரண்டாம் வாரம் அவ்விரலையே உதட்டின்கீழ்ச் செலுத்திக் கோரைப்பல்லின் வெளிப்பக்கத்தைத் தடவினாள். வாயைத் திறக்கவே இல்லை. நாய்க்குப் பல் துலக்க வாயைத் திறக்க வேண்டுவதில்லை என்பது யான் அறியாதிருந்த பெரிய செய்தி. உட்புறத்தை நாவே ஓரளவு துடைத்துக்கொள்ளும்; ஊத்தை மிகுதியாகப் படிவது வெளிப்புறத்திலேயே. வாய் மூடியபடி உதட்டை மட்டும் உயர்த்தினால் போதும்.

மூன்றாம் வாரத்தில் விரலில் மெல்லிய துணி சுற்றப்பட்டது. அதன்பின்னரே குழந்தைகளுக்குரிய மென்மையான பிரஷ். அதுவும் பழைய வெண்ணிறம் அன்று, பச்சை. பிரஷின் மயிர்கள் ஈற்றின் விளிம்பை நோக்கிச் சாய்ந்திருத்தல் வேண்டும். ஏறக்குறைய 45 பாகைச் சாய்வு என்பர். முதல் நாள் இரண்டு பல், அடுத்த நாள் மூன்று பல் என்று கோரைப்பல்லிலிருந்து பின்னோக்கிச் சென்றாள். நாய் தலையைத் திருப்புமுன் தானே நிறுத்திவிடுவாள். இதுவே அவளுடைய முறையின் உயிர்நிலை. நாய் உதறியபின் நிறுத்தினால், உதறினால் விடுவார்கள் என்று அது கற்கும். உதறுமுன் நிறுத்தினால், இஃது அஞ்சத்தக்கதன்று என்று கற்கும். நாள்தோறும் செய்தல் நன்று. இயலாதவர் ஒரு நாள் விட்டு ஒரு நாளேனும் செய்க. ஞாயிறுதோறும் ஒருமுறை நெடுநேரம் தேய்ப்பதனாற் பயன் மிகக் குறைவு. அதற்குள் ஊத்தை காரையாகியிருக்கும்.

பசையைப்பற்றி ஒரு சொல். யான் முதலில் இட்டது மனிதர் பற்பசை. நாய்க்குக் கொப்பளித்து உமிழத் தெரியாது; இட்டதனைத்தையும் விழுங்கும். நம் பசையிலுள்ள நுரைப்பொருளும் புளோரைடும் அதற்கு ஆகா. சில பசைகளில் இனிப்புக்காகச் சேர்க்கும் சைலிட்டால் என்னும் பொருளோ சிறிய அளவிலேயே நாயின் குருதியிற் சர்க்கரையைத் திடீரெனத் தாழ்த்தும், ஈரலையும் கெடுக்கும். என் விரலைக் கடித்து முத்து தன்னைக் காத்துக்கொண்டது என்றே இப்பொழுது எண்ணுகிறேன். உமிக்கரியும் உப்பும் நம் பல்லுக்கு நல்லவை என்று ஆச்சி எடுத்து வந்தார்கள். கரி பல்லை உராயும், உப்பு மிகுந்தால் நாய்க்குத் தீங்கு செய்யும் என்று கூறித் தடுத்தோம். நாய்க்கென்றே கோழிச்சுவையில் விற்கும் பசை உண்டு. முத்து ஒருவகையை முகர்ந்து அகன்றது; மற்றொருவகையை ஏற்றது. எதனையும் ஏலாத நாய்க்கு நீரில் நனைத்த பிரஷே போதும். ஊத்தையை நீக்குவது தேய்த்தலே, பசையன்று.

எலும்பு கடித்தால் பல் தூய்மையாகும் என்பது பெருவழக்கான எண்ணம். வெந்த எலும்பு கூராகப் பிளந்து தொண்டையையும் குடலையும் குத்தும். மிகக் கடிய எலும்பும் கொம்பும் குளம்பும் கடைவாய்ப் பல்லையே பிளந்துவிடும். மெல்லக் கொடுக்கும் பொருளை நம் பெருவிரல் நகத்தால் அழுத்தினால் தடம் படிதல் வேண்டும். படியாதது நாயின் பல்லுக்கும் கடிது. உலர்ந்த பிஸ்கோத்து காரையை அகற்றும் என்பதும் அவ்வளவு மெய்யன்று. பல்லின் நுனி பட்டவுடன் அது நொறுங்கிவிடும். ஈற்றின் விளிம்பை அது தொடுவதே இல்லை. பற்களுக்கென்றே செய்யப்படும் சில உணவுகளும் மெல்லுபண்டங்களும் நொறுங்காமற் பல்லைத் தழுவும்படி அமைக்கப்பட்டவை. அமெரிக்க நாட்டில் 1997 முதல் இயங்கும் கால்நடை வாய்நலக் குழு ஒன்று, சோதனையில் தேறிய அத்தகைய பொருள்களுக்கு முத்திரை அளித்து வருகிறது. பிரஷை அறவே ஏலாத நாய்க்கு இவை ஓரளவு துணையாம்.

இக்கட்டுரை எழுதும் நாளில் தங்கையின் பணி தொடங்கி ஏழு மாதம் ஆகிறது. யான் விடுதியில் இருத்தலின், தொலைபேசியில் அவள் கூறுவதையே அறிகிறேன். இரவு உணவு முடிந்ததும் முத்து தானே சென்று பாயில் அமர்கிறதாம். வலப்புறத்தை முழுவதும் துலக்க விடுகிறது. பல் போன இடப்புறத்தை மட்டும் அவள் பத்து எண்ணும்வரை பொறுக்கும், பதினொன்றில் எழுந்துவிடும். ஆதலின் தங்கை ஒன்பதில் நிறுத்திவிடுகிறாள்.