தொட்டியின் நீர்மட்டமும் கம்பியில்லாச் செய்தியும்

ஊர் நடுவே மேல்நிலைத் தொட்டி. அதற்கு நீரேற்றும் ஆழ்குழாய்க் கிணறோ ஒன்றிரண்டு கிலோ மீட்டருக்கு அப்பால் ஏரிக்கரையில். தொட்டி நிரம்பியது தெரியாமல் மோட்டார் ஓடினால் குடிநீரும் மின்சாரமும் வீண். தொட்டி வற்றியது தெரியாவிடின், காலையில் தாய்மார்கள் வெறுங்குடத்துடன் திரும்ப நேரிடும். நீர்மட்டத்தை அளக்கும் உணர்கருவியையும் மைக்ரோகண்ட்ரோலரையும் தொட்டியில் பொருத்துவது எளிது. அவ்வளவை மோட்டார் அறைக்கு எட்டச் செய்வது எங்ஙனம் என்பதை இங்கு ஆராய்வோம்.

ஏற்ற முறை

வைஃபை அவ்வளவு தூரம் எட்டாது. செல்பேசி வழிக்குத் தொடர்ந்து கட்டணம் உண்டு. லோரா என்னும் வானொலி முறையோ சிறு செய்தியை மெதுவாக அனுப்புவது. அதனாலேயே குறைந்த சக்தியில் நெடுந்தூரம் செல்கிறது. திறந்த வெளியில் சில கிலோ மீட்டர் எட்டும். தோப்புகளும் கட்டடங்களும் அத்தூரத்தைக் குறைக்கும். படம் அனுப்ப இது உதவாது. நீர்மட்டத்தைத் தெரிவிக்க இதுவே போதும்.

கவனிக்க வேண்டியவை

முதலாவது, அலைவரிசை. இந்தியாவில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரை, 1 வாட்டுக்கு மேற்படாத சக்தியுடைய கருவிகளுக்கு உரிமம் வேண்டுவதில்லை. இவ்வரிசைக்குரிய கருவியையே கேட்டு வாங்குதல் வேண்டும்.

இரண்டாவது, மின்னழுத்தம். லோரா சில்லு 3.3 வோல்ட்டில் இயங்குவது. ஆர்டுயினோ ஊனோ போன்ற 5 வோல்ட் பலகையுடன் நேரே இணைத்தால் பழுதாகக்கூடும். இடையே அழுத்தத்தைக் குறைக்கும் சிறு பலகை தேவை.

மூன்றாவது, ஆன்டெனா. அலைநீளத்தில் கால் பங்கு, அதாவது சுமார் 8.6 சென்டிமீட்டர் கம்பி போதும். அதனைப் பொருத்தாமல் செய்தி அனுப்பினால் கருவி கெடக்கூடும். தொட்டியின் உயரமே நமக்குக் கோபுரமாக உதவும்.

செய்தி வராவிடில்?

நாம் மிகவும் வற்புறுத்துவது இதுவே. தொட்டியிலிருந்து 5 நிமிடத்துக்கு ஒருமுறை செய்தி வருமாறு அமைத்தால், தொடர்ந்து 15 நிமிடம் வராதபோது மோட்டார் தானே நின்று மணி ஒலிக்க வேண்டும். மௌனத்தைச் 'சரி' எனக் கொள்ளும் அமைப்பு, ஓரிரவிலேயே தொட்டியை வழியவிடும். பக்கத்து ஊரும் இதே அலைவரிசையைப் பயன்படுத்தக்கூடும். ஆதலின் ஒவ்வொரு செய்தியிலும் தொட்டியின் அடையாள எண் இருத்தல் அவசியம்.

நிலையாகப் பொருத்துமுன், ஒரு கருவியைத் தொட்டியிலும் மற்றொன்றை மோட்டார் அறையிலும் வைத்துச் சில நாள் சோதித்துப் பார்ப்பது நலம். எத்தனை செய்திகள் தவறின என்று குறித்து வைத்து, அக்கணக்கைப் பஞ்சாயத்துக் கூட்டத்தில் வைத்து முடிவு செய்யலாம். கருவி வந்த பின்னும் தொட்டி இயக்குபவரின் கண்காணிப்பு வேண்டும். அவருடைய நடை குறையும், பொறுப்புக் குறையாது.