மரத்தில் மரம் பதிக்கும் வேலை

மைசூரில் ஈட்டிமரப் பலகையைக் குடைந்து, பல நிறமுள்ள மரத்துண்டுகளைப் பதித்துச் சித்திரம் அமைக்கும் தொழில் நெடுங்காலமாய் நடந்து வருகிறது. முன்னர் யானைத் தந்தமும் பதித்தனர். 1986-ஆம் வருஷத்துச் சட்டத் திருத்தம் தந்த வியாபாரத்தைத் தடுத்துவிட்டது. சாயம் ஏற்றாமல், மஞ்சளுக்குப் பலா, கருமைக்குக் கருங்காலி என இயற்கை நிறத்தையே கொள்வது உத்தமம்.

சித்திரத்தைக் காகிதத்தில் வரைந்து, ஒவ்வொரு பாகத்தையும் தக்க மரத்தின்மேல் ஒட்டிச் சன்னமான வாளால் அறுக்கவேண்டும். ஆற்றுநீருக்கு ரேகை கிடையாகவும், அடிமரத்துக்கு நெட்டாகவும் ஓடவேண்டும். அறுத்த துண்டைப் பலகைமேல் வைத்து ஓரத்தைக் கோடிட்ட பின்னரே குழி வெட்டவேண்டும். குழியை முதலில் வெட்டினால் இடைவெளி விழும். குழியின் ஆழம் துண்டின் கனத்துக்குச் சற்றுக் குறைந்திருந்தால், ஒட்டியபின் உப்புத்தாளால் தேய்த்துச் சமன் செய்யலாம்.

ஈரமரமே இத்தொழிலுக்குப் பெருஞ்சத்துரு. அது ரேகைக்குக் குறுக்கே சுருங்கும். கோடையில் சந்து விட்டுத் துண்டு உதிரும். திரும்பி வரும் சாமானால் நஷ்டம் தச்சனுக்கு மட்டுமன்று, சங்கத்தின் பேருக்குந்தான். மாதக்கணக்கில் மரத்தை உலரவிட ஏழைத் தச்சனிடம் முதல் ஏது? சங்கமே மொத்தமாய் மரம் வாங்கி, பலகைகளாய் அறுத்து, இடையிடையே குச்சி வைத்து நிழலில் அடுக்கி உலர்த்தி, அங்கத்தினர்களுக்குக் கடனாகக் கொடுத்து, பண்டம் விற்றதும் விலையைப் பிடித்துக்கொள்ளலாம்.