காலுக்குத்தான் சேர்வோ

என் மனைவி எங்கள் மொறிஸ் மைனரை முதலில் ஒரேயொரு நாள்தான் ஓட்டினாள். தெருமுனைச் சிவப்பு விளக்கில் பிறேக்கை மிதித்தாள். வண்டி கோட்டைத் தாண்டிப் போய் நின்றது. வீட்டுக்கு வந்து திறப்பை மேசையில் வைத்துவிட்டு, "உது பிறேக் இல்லை, மதில்" என்றாள்.

அவளில் பிழை இல்லை. அவள் தினமும் ஓட்டுவது கால் பட்டாலே நிற்கிற கார். என்னுடையது 1965ஆம் ஆண்டு வண்டி, 1098 சிசி. 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமாகி 1971இல் உற்பத்தி நின்றதுவரை மைனருக்குத் தொழிற்சாலை சேர்வோ போட்டதே இல்லை. தேவையும் இருக்கவில்லை. முன்சக்கர டிரம்மில் இருக்கும் இரண்டு ஷூவும் சக்கரம் சுழலும் திசையில் இழுபட்டுத் தாமாகவே இறுகும். கால் தொடக்கி வைத்தால் மிச்சத்தைச் சக்கரமே பார்த்துக்கொள்ளும்.

எனக்கு முன் இந்த வண்டியை வைத்திருந்தவர் அங்கேதான் கை வைத்திருந்தார். முன்சக்கரங்களுக்கு மொறிஸ் மரீனாவின் டிஸ்க்கை மாற்றியிருந்தார். நல்ல காரியம்தான். நீண்ட இறக்கத்தில் டிரம் சூடேறிக் கைவிடும், டிஸ்க் அவ்வளவு எளிதில் கைவிடாது. ஆனால் டிஸ்க்குக்குத் தானாக இறுகும் குணம் இல்லை. எவ்வளவு மிதிக்கிறோமோ அவ்வளவுதான் பிடிக்கும். மனைவியின் கால் மோதிய மதில் அதுதான். நான் பழகிப்போனதால் மதிலை மதிலென்று உணரவில்லை.

ஆகவே சேர்வோ. அது என்ன செய்கிறது என்பதை முதலில் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும். ஒரு தகரச் சட்டி, அதற்குள் குறுக்கே ஒரு ரப்பர் சவ்வு. எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது மனிபோல்டில் உண்டாகும் வெற்றிடம் ஒரு ஹோஸ் வழியாகச் சட்டிக்கு வருகிறது. சும்மா இருக்கும்போது சவ்வின் இரு பக்கமும் வெற்றிடம். பெடலை மிதித்ததும் பிறேக் ஒயிலின் அழுத்தம் ஒரு குட்டி வால்வை நகர்த்த, ஒரு பக்கத்தில் வெளிக்காற்று புகுந்து சவ்வைத் தள்ளும். சவ்வு, சட்டியின் முன்னாலுள்ள சிறு சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளும். நான் போட்ட வகை காலின் அழுத்தத்தை 1.9 மடங்காக்கும். அவ்வளவுதான். பாட் தேய்ந்திருந்தாலும், ரயர் வழுக்கினாலும் அதற்கு அக்கறை இல்லை. "சேர்வோ போட்டால் கார் கெதியாக நிற்குமா?" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது: சக்கரம் பூட்டும் அளவுக்கு உங்கள் கால் ஏற்கெனவே மிதிக்க முடிந்தால், நிற்கும் தூரம் மாறாது. கால் நோவது மட்டும் குறையும்.

நாலு சக்கரத்திலும் டிரம் இருக்கிற மைனர்காரர்களுக்கு இன்னொன்றும் சொல்வேன்: போடாதீர்கள். ஷூவைச் சரியாக அட்ஜஸ்ட் பண்ணுங்கள், பெரும்பாலும் அதுவே காணும். தானாக இறுகும் பிறேக்குக்குமேல் சேர்வோவும் சேர்ந்தால் தொட்டவுடன் பாய்ந்து பிடிக்கும்.

சேர்வோவுக்கு முன்னால் இருந்த வேலைதான் எனக்கு அதிக நாள் எடுத்தது. பத்து மைல் ஓடிவிட்டு முன்சக்கரத்தருகில் கை வைத்தால் அடுப்பங்கரைபோல் இருந்தது. டிரம்முக்கென்று செய்த மாஸ்ரர் சிலிண்டரின் முனையில் ஒரு சின்ன வால்வு உண்டு. காலை எடுத்த பிறகும் பைப்பில் கொஞ்சம் அழுத்தத்தை வைத்திருக்கும். டிரம்மில் ஷூவை இழுத்தெடுக்க ஸ்பிறிங் இருக்கிறது, பரவாயில்லை. டிஸ்க்கில் ஸ்பிறிங் இல்லை, பாட் உரசிக்கொண்டே இருக்கும். முன்னவர் அந்த வால்வை எடுக்க மறந்துவிட்டார்.

மைனரில் அந்தச் சிலிண்டர் சாரதியின் காலடியில், கம்பளத்துக்கும் தகரத்துக்கும் கீழே, சட்டத்துக்குள் ஒளிந்திருக்கிறது. ஒயில் ஊற்றும் மூடியும் அங்கேதான். திறந்தால் சப்பாத்து மண்ணெல்லாம் உள்ளே விழும். முதலில் சுற்றிவரத் துடைத்துவிட்டுத் திறவுங்கள். இரண்டு நீளப் போல்ட். நட்டைக் கழற்றலாம், போல்ட்டை உருவ முடியாது: முன் சஸ்பென்ஷனின் முறுக்குக் கம்பி குறுக்கே நிற்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்தக் கம்பியோடு போனது. திரும்பப் பூட்டும்போது போல்ட்டை மறுபக்கத்திலிருந்து செருகினேன். அடுத்த தடவை இதைச் செய்பவர் என்னை வாழ்த்துவார். அது பெரும்பாலும் நானாகத்தான் இருக்கும். பெடலின் தண்டுக்கும் பிஸ்டனுக்கும் இடையில் கடுகளவு தளர்வு இருக்கவேண்டும் என்பதையும் அப்போதே பார்த்துக்கொண்டேன். அது இல்லாவிட்டால் ஒயில் திரும்பிப் போகும் துளை மூடியே இருந்து, ஓட ஓடப் பிறேக் இறுகும்.

பெடலுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் சேர்வோவைச் செருக இந்த வண்டியில் வழியில்லை. தள்ளி எங்காவது பூட்டிப் பைப்பால் இணைக்கும் வகையைத்தான் போடவேண்டும். எஞ்சின் அறையில் இடத்துக்குப் பஞ்சமில்லை. சிறு சிலிண்டரின் ஒயில் வெளியேறும் முனை மேல்நோக்கிச் சாய்ந்திருக்கவேண்டும், இல்லையேல் உள்ளே சிக்கிய காற்று என்ன பம்ப் பண்ணினாலும் வராது. வெற்றிட ஹோஸ் மனிபோல்டை நோக்கி இறங்கவேண்டும். நடுவில் தொங்கினால் பெற்றோல் தேங்கும்.

மனிபோல்டைக் கழற்றி மேசையில் வைத்துத்தான் துளையிட்டேன். வண்டியில் வைத்தே துளைத்தால் இரும்புத்தூள் எஞ்சினுக்குள் போகும். இந்த எஞ்சினில் இரண்டிரண்டு சிலிண்டருக்கு ஒரு வாய். துளை ஒரு வாய்க்குக் கிட்டப் போய்விட்டால், காற்றுக் கசியும்போது அந்தப் பக்கத்து இரண்டுக்கும் பெற்றோல் காணாது. ஆகவே கார்பரேற்றருக்கு நேரே, நடுவில்.

பைப் நட்டில்தான் ஆளை விழுத்தும் சங்கதி இருக்கிறது. பழைய ஆங்கிலக் கார்களில் 3/8 அங்குல யூஎன்எஃப் புரி, பிந்திய பாகங்களில் எம்10. முதலாவது 9.5 மில்லிமீற்றர், மற்றது 10. சின்ன நட் பெரிய துளைக்குள் சுகமாக ஏறும், இறுகியதுபோலவும் இருக்கும். ஒரு நாள் அவசரமாக மிதிக்கும்போது புரி உருவிக்கொண்டு வரும். நான் ஒவ்வொன்றையும் விரலால் இரண்டு சுற்று ஏற்றிவிட்டு ஆட்டிப் பார்ப்பேன். ஆடினால் அது வேறு சாதி.

இவ்வளவு கவனமாக இருந்தவன் சேர்வோவை எங்கே வாங்கினான்? பழைய சாமான் சந்தையில், ஒரு மேசைக்கடியில். புதியதின் கால்வாசி விலை. வாயால் உறிஞ்சிப் பார்த்தேன், சவ்வு பிடித்தது. அது போதும் என்று நினைத்தேன்.

முதல் மாதம் சொர்க்கம். பிறகு காலையில் ஸ்ராட் பண்ணினால் புகைபோக்கியில் வெள்ளைப் புகை. ஹெட் கஸ்கட் போய்விட்டது என்று முடிவுகட்டினேன், ஆனால் றேடியேற்றரில் தண்ணீர் குறையவில்லை. குறைந்தது பிறேக் ஒயில். சக்கரத்தருகில் ஈரமில்லை, தரையில் ஒரு சொட்டுமில்லை. ஊற்றிவிட்டு ஓடினேன். அதைத்தான் செய்திருக்கக் கூடாது. ஒரு சனிக்கிழமை வட்டச்சந்தி ஒன்றை நெருங்கும்போது பெடல் தரையைத் தொட்டது. நாலு சக்கரத்துக்கும் ஒரே ஒயில் வழி. போனால் எல்லாம் போகும். கைப்பிறேக்கும் இரண்டாம் கியருமாக, முன்னால் நின்ற வானுக்கு ஒரு முழம் இருக்க நின்றேன்.

அன்று இரவு யாழ்ப்பாணத்துக்குச் சித்தப்பாவுக்கு எடுத்தேன். முப்பது வருசம் மைனரில் ஹயர் ஓடியவர்; தொண்ணூறுகளில் பெற்றோல் வராத காலத்தில் கார்பரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓட்டியவர். சேர்வோவைக் கண்ணால் கண்டதில்லை. நான் சொல்வதைக் கேட்டுவிட்டு, "மோனை, ஒயில் நிலத்தில இல்லையெண்டா புகையிலதான் இருக்கு. எஞ்சினுக்குப் போற ரியூப் ஏதும் புதுசா வச்சனியோ?" என்றார்.

வெற்றிட ஹோஸைக் கழற்றினேன். உள்ளே நனைந்திருந்தது. சிறு சிலிண்டரின் ரப்பர் வளையம் காய்ந்துபோய், ஒயில் சட்டிக்குள் கசிந்து, அங்கிருந்து எஞ்சின் அதை உறிஞ்சி எரித்துக்கொண்டிருந்தது. சவ்வைச் சோதித்தேனே தவிர, ஒயில் பக்கத்தைச் சோதிக்கவில்லை. சந்தைக்காரரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. கறல் பிடித்த பெட்டிக்கு அவர் உத்தரவாதம் தந்தாரா?

புதியது வாங்கினேன். காற்றை எடுக்கும்போது எஞ்சின் ஓடக்கூடாது. மகன் பெடலை மிதிக்க, நான் படுத்திருந்து நிப்பிளைத் திறந்து மூடினேன். டொட் 4 ஒயில் ஒரு சொட்டு மட்காட்டில் பட்டு, துடைப்பதற்குள் பெயின்ற் சுருங்கிவிட்டது. அந்த அடையாளம் இன்னும் இருக்கிறது. ஒரு வாளி தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், உடனே ஊற்றிக் கழுவலாம்.

பரிசோதனை சுலபம். எஞ்சினை நிறுத்தி ஐந்தாறு தடவை மிதித்து வெற்றிடத்தைத் தீர்த்துவிட்டு, காலைப் பெடலில் வைத்தபடியே ஸ்ராட் பண்ணினால் பெடல் மெல்லக் கீழே இறங்கவேண்டும். இறங்கியது. இங்கே பிரித்தானியாவில் நாற்பது வயது தாண்டிய கார்களுக்குப் பெரும்பாலும் எம்ஓரி பரீட்சை கட்டாயமில்லை, ஆனாலும் கொண்டுபோனேன். உருளையில் ஏற்றினால்தான் இடமும் வலமும் ஒரே அளவாகப் பிடிக்கிறதா என்று தெரியும். காப்புறுதிக்காரருக்கும் மாற்றத்தை அறிவித்தேன். மனைவி இரண்டாம் தடவை ஓட்டினாள். கோட்டுக்கு முன்னால் நிறுத்தினாள். ஒன்றும் சொல்லவில்லை, திறப்பைத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

சித்தப்பாவுக்குச் சொன்னேன். அவருக்கு ஒரு சந்தேகம்.

"அப்ப எஞ்சினை நிப்பாட்டினா?"

"ரெண்டு மிதிக்குக் காணும் சித்தப்பா. மூண்டாவது பழைய மதில்தான்."

கொஞ்ச நேரம் யோசித்தார். "சந்தி வரமுந்தி எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு உருட்டிக்கொண்டு வந்துதான் நாங்கள் எண்ணெய் மிச்சம் பிடிச்சனாங்கள். உனக்கு உது சரிவராது."