பகுதாது நூல்வணிகரும் பாமரர் கதைநூல்களும்

முன்னுரை

கற்றோர் போற்றும் நூல்கள் ஒருபுறமும், மற்றோர் விரும்பிப் படிக்கும் நூல்கள் மறுபுறமுமாக நிற்பது எல்லா மொழிகளிலும் காணப்படும் நிலையாகும். மாயக்கதை, மர்மக்கதை, திகில்கதை ஆகியன பெரும்பாலும் இரண்டாம் வகையுள் அடங்குவன. இவற்றை இலக்கிய வரலாற்றில் எவ்விடத்தில் வைப்பது என்னும் வினாவிற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு நூல்வணிகர் தம் செயலால் விடை பகர்ந்துள்ளார். அவர் பகுதாது நகரத்து இப்னு நதீம். அவர் இயற்றிய 'அல் பிஹ்ரிஸ்த்' என்னும் நூற்பட்டியலின்வழி அவ்விடையை ஆராய்வதும், அது தமிழ் பயில்வோர்க்கு உணர்த்துவதைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

வர்ராக் என்போர்

எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பகுதாதில் தாள் உற்பத்தி வேரூன்றியது. தாள் மலிந்ததும் நூல்கள் பெருகின. தாள் விற்போர், படியெடுப்போர், நூல் கட்டுவோர், நூல் விற்போர் ஆகிய அனைவரையும் 'வர்ராக்' என்னும் ஒரே சொல்லால் அரபியர் அழைத்தனர். 'வரக்' என்பது தாளையும் இலையையும் குறிக்கும். தமிழில் 'ஏடு', 'இதழ்' என்னும் சொற்கள் மரத்திலிருந்து நூலுக்கு வந்தமை இங்கு ஒப்புநோக்கத்தக்கது. ஒன்பதாம் நூற்றாண்டில் பகுதாதில் இத்தகைய கடைகள் நூற்றுக்கும் மேல் இருந்தன என்று யஅகூபி குறித்துள்ளார். இப்னு நதீமும் இத்தொழிலைச் சார்ந்தவரே.

பட்டியலின் அமைப்பு

ஹிஜ்ரி 377இல், அஃதாவது கி.பி. 987–988இல் உருவான பிஹ்ரிஸ்த் பத்து இயல்களை உடையது. எழுத்து முறைகளும் மறைநூல்களும் முதலியலில் இடம்பெறுகின்றன. பின்னர் இலக்கணம், வரலாறு, கவிதை, இறையியல், சட்டம், மெய்யியல் என நூல்துறைகள் தொடர்கின்றன. கவிஞர்களைக் கூறும் இயலில், பக்கத்திற்கு இருபது வரி கொண்ட தாளை அளவாகக் கொண்டு, ஒவ்வொருவர் பாடல் தொகுப்பும் எத்தனை தாள் அளவினது என்று குறிக்கின்றார். நூல் வாங்குவோர் ஏமாறாதிருக்க இது உதவும். இங்குப் புலமையும் வணிகமும் கைகோத்துச் செல்வதைக் காண்கின்றோம்.

நம் ஆய்விற்குரியது எட்டாம் இயலாகும். இரவுநேரக் கதைகள், கற்பனைக் கதைகள், மாயவித்தை நூல்கள், ஆசிரியர் பெயர் அறியப்படாத பல்பொருள் நூல்கள் ஆகியவற்றிற்கென ஓர் இயலையே அவர் ஒதுக்கியுள்ளார். மனிதரைக் காதலித்த ஜின்கள், ஜின்களைக் காதலித்த மனிதர் பற்றிய கதைநூல்களின் பெயர்களையும் நிரல்படத் தந்துள்ளார். இன்று நாம் 'மாயாஜாலக் கதைகள்' என வழங்குவன இவற்றின் வழிவந்தனவே எனலாம்.

ஆயிரம் கதைகள்

அவ்வியலில் புகழ்பெற்ற குறிப்பு 'ஹஸார் அஃப்சான்' என்னும் பாரசீக நூலைப் பற்றியது. ஆயிரம் கதைகள் என்பது அதன் பொருள். மணந்த பெண்ணை மறுநாளே கொல்லும் அரசன். இரவில் கதையைத் தொடங்கி முடிக்காமல் நிறுத்தி, அடுத்த இரவுவரை தன் உயிரைக் காத்துக்கொள்ளும் ஷஹ்ரஸாத். இக்கதைச் சட்டகத்தை இப்னு நதீம் சுருக்கமாக எடுத்துரைக்கின்றார். நூலில் ஆயிரம் இரவுகள் உண்டெனினும், ஒரு கதை பல இரவுகளுக்கு நீள்வதால் கதைகள் இருநூற்றுக்கும் குறைவே என்றும் கணக்கிடுகின்றார்.

அடுத்து அவர் கூறுவது வியப்பிற்குரியது. அந்நூலை முழுமையாகப் பலமுறை கண்டதாகக் கூறும் அவரே, அது நயமற்ற, சுவை குன்றிய நூல் என்றும் தீர்ப்பளிக்கின்றார். ஆயினும் அதனைப் பட்டியலிலிருந்து நீக்கினாரல்லர். தம் சுவையை நூலின் இருப்பிற்கு அளவுகோலாகக் கொள்ளாத இப்பண்பே அவரைப் பெருமைக்குரியவராக்குகின்றது.

தேவையும் படைப்பும்

அப்பாசியர் காலத்தில், குறிப்பாக கி.பி. 908 முதல் 932 வரை ஆண்ட முக்ததிரின் நாள்களில், இத்தகைய கதைகளை மக்கள் பெரிதும் விரும்பினர். அதனால் நூல்வணிகர்கள் தாமே கதைகளைப் புனைந்து விற்கத் தலைப்பட்டனர் என்றும் இப்னு நதீம் எழுதியுள்ளார். தம் தொழிலினரின் குறையை மறையாது கூறும் நேர்மை இதில் புலனாகின்றது. விற்பனையே படைப்பைத் தூண்டும் நிலை அச்சுப்பொறி தந்த புதுமையன்று என்பதும் இதனால் தெளிவாகின்றது.

அமைச்சர்கள் வரலாற்றை எழுதிய ஜஹ்ஷியாரி என்னும் அறிஞரும் இக்கதைகளின்பால் ஈர்க்கப்பட்டார். கதைசொல்லிகளை அழைத்தும், ஏடுகளிலிருந்து தேர்ந்தும் ஆயிரம் கதைகள் கொண்ட தொகுப்பொன்றைத் தொடங்கினார். இரவுக்கு ஒரு முழுக்கதை என 480 இரவுகள் நிறைவுற்ற நிலையில், கி.பி. 942இல் அவர் மறைந்தார். அப்பெருந்தொகுப்பைப் பற்றி நாம் அறிவதற்கு இந்நூல்வணிகரின் குறிப்பே துணையாகின்றது.

தமிழோடுள்ள தொடர்பு

ஷஹ்ரஸாதின் உத்தி, கேட்போரை 'அடுத்து என்ன?' என்று ஏங்கச் செய்வதாகும். தொடர்கதையின் உயிர்நாடி இதுவே. 'தினத்தந்தி' நாளிதழில் 1960இல் தொடங்கிய 'கன்னித்தீவு' சித்திரத்தொடர், சிந்துபாத் என்னும் பெயரையும் இவ்வுத்தியையும் ஒருங்கே ஏற்று, தலைமுறைகளைக் கடந்து நடந்தது. 1956இல் வெளிவந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' திரைப்படமும் இம்மரபின் கொடையே. இவ் அலிபாபா கதை பழைய அரபு ஏடுகளில் காணப்படவில்லை. அலெப்போ நகரத்து ஹன்னா தியாப் 1709இல் பாரிசில் கூறக்கேட்டு, பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளர் கல்லான் தம் தொகுப்பில் சேர்த்த கதை அது. வாய்மொழியாக வந்தது நூலாகி, நூல் பல நாடுகளைச் சுற்றி, மதுரையிலும் மதராசிலும் மக்கள் கதையாயிற்று.

அரபியரின் 'கிஸ்ஸா' தமிழிலும் ஓர் இலக்கிய வகையாக இடம்பெற்றதை இஸ்லாமியத் தமிழிலக்கியம் பயில்வோர் அறிவர். கண்டியைச் சார்ந்த சித்தி லெவ்வை 1885இல் வெளியிட்ட 'அசன்பே சரித்திரம்', குழந்தை கடத்தப்படுதலும் அலைந்து திரிதலும் நிறைந்த வீரசாகசப் புதினமாகும். தமிழ்ப் புதினத்தின் தொடக்க நாள்களிலேயே விறுவிறுப்பான கதைப்போக்கிற்கு இடமிருந்தமைக்கு இது சான்றாகும். பின்னர் ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் துப்பறியும் கதைகளால் பெருந்தொகையான வாசகரை ஈர்த்தனர். தமிழ்வாணனின் சங்கர்லாலையும் ராஜேஷ்குமாரின் மாத நாவல்களையும் பேருந்து நிலையக் கடைகளில் வாங்கிப் படித்தோர் பலர்.

இழப்பின் எல்லை

மிகுதியாகப் படிக்கப்படும் நூலே விரைவில் அழியும் என்பது நூலுலகின் முரண். கைமாறிக் கைமாறிக் கிழியும்; மலிவுத்தாள் பழுத்து நொறுங்கும்; நூலகங்கள் வாங்கிச் சேர்ப்பதுமில்லை. பிஹ்ரிஸ்த் கூறும் கதைநூல்களுட் பெரும்பாலன இன்று பெயரளவிலேயே எஞ்சியுள்ளன. ஹஸார் அஃப்சானின் பாரசீக மூலமும் கிடைத்திலது. ஆயிரம் இரவுகளின் மிகப் பழைய சான்றாக, கி.பி. 879ஆம் ஆண்டுக் குறிப்புடைய ஒரு கிழிந்த தாளே கிடைத்துள்ளது. நபியா அப்பாட் என்னும் அறிஞர் அதனை 1949இல் ஆராய்ந்து வெளியிட்டார். அத்தாள் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகின்றது.

அதே பல்கலைக்கழகம் தமிழ்நாட்டு ஒருவரின் சேகரிப்பைக் காக்கவும் முன்வந்தமை நினைவுகூரத்தக்கது. கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். உயர்ந்தது, தாழ்ந்தது என்னும் வேறுபாடின்றித் தமிழ் அச்சுநூல்களைத் திரட்டியவர். 1992இல் அவர் மறைந்தபின் அச்சேகரிப்பு வாங்கப்பட்டு, சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக மலர்ந்தது. பகுதாது வணிகரின் உள்ளம் கோட்டையூர் ஓவியரிடமும் இருந்தது எனின் மிகையாகாது.

முடிவுரை

ஒரு நூலை மதிப்பிடுதல் வேறு. அது இருந்தது எனப் பதிவுசெய்தல் வேறு. முன்னது காலந்தோறும் மாறலாம். பின்னது தவறினால் மீட்க இயலாது. மாத நாவல்கள் பழைய தாள் கடைகளுக்குச் செல்லும் இந்நாளில், தமிழ்த்துறை மாணாக்கர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரிலும் இல்லத்திலும் எஞ்சியுள்ள கதைநூல்களின் தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, பக்கம், விலை ஆகியவற்றைக் குறித்துத் தொகுத்தல் வேண்டும். நயம் உண்டா, இல்லையா என்பதைப் பின்வருவோர் ஆராயட்டும். ஆராய்வதற்கு நூல்களும் அவற்றின் பெயர்களும் எஞ்சியிருக்கச் செய்வது நம் கடனாகும்.