வெறுங்கையோடு நிற்பவரை எழுதுவது எப்படி?

ரிஷிவந்தியம் பக்கத்தில் ஒரு கரும்புக் கொல்லை. மும்முனை மின்சாரம் இராத்திரி முறைக்கு வருகிறது. மோட்டார் போடப் போன அஞ்சலை, கொட்டகையில் ஒருவன் ஒயரை அறுத்துக்கொண்டிருப்பதைப் பார்க்கிறாள். அவன் கையில் கொடுவாள். இவள் கையில் செல்போன் வெளிச்சம்.

கதை எழுத வருபவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். அஞ்சலை கைக்கு எங்கிருந்தோ ஒரு மண்வெட்டி வந்துவிடும்; இல்லையென்றால் ஊரே ஓடிவந்துவிடும். இரண்டுமே ஏமாற்று. வேறு எப்படி எழுதலாம்?

1. வெறுங்கைக்குக் காரணம் வேண்டும். பக்கத்துத் திருக்கோவிலூரை ஆண்ட மெய்ப்பொருள் நாயனார் கதையை, 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்கிறார். போரில் தோற்ற முத்தநாதன், திருநீறு பூசி, சுவடிக்கட்டில் கத்தியை மறைத்துக்கொண்டு அரண்மனைக்குள் நுழைகிறான். வந்தவர் அடியார் என்று நம்பிய மன்னர், அரசியை அனுப்பிவிட்டு, அவனை ஆசனத்தில் இருத்தித் தான் தரையில் அமர்கிறார். அவரிடம் வாள் இல்லாதது தற்செயல் அல்ல, குணம்.

2. ஆபத்து வாசகருக்கு முன்பே தெரியட்டும். சுவடிக்கட்டில் என்ன இருக்கிறதென்று நமக்குத் தெரியும், மன்னருக்குத் தெரியாது. அவன் கட்டை அவிழ்க்கும்போது நமக்கு நெஞ்சு அடித்துக்கொள்வது அதனால்தான்.

3. கைவசம் உள்ளதைக் கணக்கெடுங்கள். எழுதும் முன் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: இடம், இருட்டு, குரல், உறவு, தெரிந்த சேதி. அஞ்சலைக்கு வரப்பும் மடையும் கண்ணை மூடினாலும் தெரியும். காய்ந்த சோகையில் கால் வைத்தால் சலசலக்கும் என்பதும் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பையன் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியும்.

4. முதல் முயற்சி தோற்கட்டும். அஞ்சலை கத்துகிறாள். ஆளுயரக் கரும்பு குரலை விழுங்கிவிடுகிறது. அவன் ஓடவில்லை, திரும்பி நிற்கிறான். இப்போதுதான் காட்சி சூடு பிடிக்கிறது.

5. அவளிடம் இருப்பது இருபுறமும் வெட்டட்டும். “டேய், நீ செல்வந்தானே? ஒங்கம்மா இன்னும் முழிச்சிருக்கும்டா.” பேர் சொன்னதும் அவன் கூசிப்போகலாம். ஆள் தெரிந்துவிட்டதே என்று கொடுவாளை ஓங்கவும் செய்யலாம். அடுத்த வரி எந்தப் பக்கம் சாயும் என்று வாசகருக்குத் தெரியக் கூடாது.

6. முடிவு வெறுங்கையோடு நிற்பவருடையதாக இருக்கட்டும். முத்தநாதனின் கத்தியால் குத்துப்பட்ட மன்னர், வாளோங்கிய காவலன் தத்தனைத் தடுக்கிறார். வந்தவனை யாரும் தொடாமல் ஊர் எல்லை தாண்டி விட்டுவரச் சொல்கிறார். தத்தன் திரும்பி வந்து சொல்லும்வரை உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். கத்தி அவன் கையில். கதையின் முடிவு இவர் வாயில். அஞ்சலையும் ஒன்று செய்கிறாள். செல்போன் வெளிச்சத்தை அணைக்கிறாள். “நான் யாரையும் பாக்கல. ஒயர வெச்சிட்டுப் போ தம்பி.” இருட்டில் சோகை சலசலக்கிறது. சத்தம் கிட்டே வருகிறதா, விலகுகிறதா என்று அவள் காது கொடுத்து நிற்கிறாள்.

7. விலை கொடுக்கவையுங்கள். மன்னருக்கு அது உயிர். அஞ்சலைக்கு, இனி அந்தப் பையனின் அம்மாவைப் பார்க்கும் ஒவ்வொரு நாளும் வாயை மூடிக்கொள்வது. ஒன்றும் இழக்காமல் தப்பிக்கும் பாத்திரத்தை வாசகர் மறந்துவிடுவார்.

எழுதி முடித்தபின் ஒரு சோதனை. உங்கள் பாத்திரத்தின் கையில் ஒரு கத்தியைக் கொடுத்து அதே காட்சியைப் படித்துப் பாருங்கள். ஒன்றும் மாறவில்லை என்றால், நீங்கள் இன்னும் வெறுங்கையை எழுதவில்லை. முதல் படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.