'வந்தான்' வேறு... 'வந்திருக்கிறான்' வேறு!



ஒர்க்‌ஷாப்பில் ஒரு மோட்டாரைக் கழற்ற வேண்டும். டெர்மினல் பாக்ஸ் மூடியைத் திறந்து ஸ்பேனரோடு உட்கார்ந்திருக்கிறீர்கள். பேனல் பக்கமிருந்து வந்த நண்பன் ஆங்கிலத்தில் சொல்கிறான்: "ஐ ஸ்விட்ச்டு ஆஃப் த சப்ளை." கை வைப்பீர்களா?

நான் வைக்க மாட்டேன். அவன் ஆஃப் பண்ணினான், சரி. அப்புறம் யாராவது ஆன் பண்ணினார்களா, இப்போது சப்ளை இருக்கிறதா இல்லையா? அந்த வாக்கியம் வாயே திறக்கவில்லை. அதையே "ஐ ஹேவ் ஸ்விட்ச்டு ஆஃப் த சப்ளை" என்று சொன்னால், 'ஆஃப் பண்ணியிருக்கேன், இப்ப வரைக்கும் ஆஃப்லதான் இருக்கு' என்று பொருள். (அப்படிச் சொன்னாலும் டெஸ்ட் பண்ணிப் பார்க்காமல் தொடாதீர்கள். இலக்கணம் ஷாக்கைத் தடுக்காது!)

முதலாவது சிம்பிள் பாஸ்ட். இரண்டாவது ப்ரெசென்ட் பெர்ஃபெக்ட். டிப்ளமோ படிக்கிற நம்மில் பலர் இரண்டையும் 'இறந்த காலம்' என்று ஒரே டப்பாவில் போட்டு மூடிவிடுகிறோம். பெயரிலேயே 'ப்ரெசென்ட்' இருக்கிறதே, அதைக் கவனிப்பதில்லை! சிம்பிள் பாஸ்ட் முடிந்துபோன ஒரு நேரத்தைப் பார்க்கிறது. ப்ரெசென்ட் பெர்ஃபெக்ட், நடந்த காரியத்தை இன்றைய நிலையோடு முடிச்சுப் போடுகிறது.

இது நமக்குப் புதிதே அல்ல. "நேத்து ஃப்யூஸ் போச்சு" என்கிறோம். "ஃப்யூஸ் போயிருக்கு" என்றும் சொல்கிறோம். முதலாவதைக் கேட்டவன் "அப்படியா" என்பான். இரண்டாவதைக் கேட்டவன் ஃப்யூஸ் வயரைத் தேடி ஓடுவான். அந்த 'இருக்கு' செய்கிற வேலையைத்தான் ஆங்கிலத்தில் 'ஹேவ்', 'ஹேஸ்' இரண்டும் செய்கின்றன. "த ஃப்யூஸ் ப்ளூ எஸ்டர்டே", "த ஃப்யூஸ் ஹேஸ் ப்ளோன்." ஹேவ், ஹேஸுக்குப் பின்னால் வினைச்சொல்லின் மூன்றாவது வடிவம்தான் வரும். கோ, வென்ட், கான் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோமே, அதில் 'கான்'.

ஆனால் தமிழை நம்பி முழுத் தூரமும் போக முடியாது. "நேத்தே ஃப்யூஸ் போயிருக்கு, ஒருத்தரும் பார்க்கலை" என்பது நல்ல தமிழ். அதை அப்படியே "த ஃப்யூஸ் ஹேஸ் ப்ளோன் எஸ்டர்டே" என்று ஆக்கினால் ஆங்கிலத்தில் தவறு. எஸ்டர்டே, லாஸ்ட் வீக், டூ டேஸ் அகோ, இன் 2023 என்று முடிந்துபோன நேரத்தைக் குறிக்கிற சொல் வந்துவிட்டால் 'ஹேவ்' வெளியே போய்விட வேண்டும். நம் ஆட்கள் அதிகம் சறுக்குகிற இடம் இதுதான். 'வென்' என்று கேட்கும்போதும் இதே கதை. "வென் ஹேவ் யூ ஜாயின்டு?" என்பது கிடையாது, "வென் டிட் யூ ஜாயின்?" என்றுதான் கேட்க வேண்டும்.

நேரம் முடிந்ததா இல்லையா என்பது கடிகாரத்தைப் பொறுத்தும் மாறும். லேபில் காலை 11 மணிக்கு "ஐ ஹேவ் டேக்கன் த்ரீ ரீடிங்ஸ் திஸ் மார்னிங்" எனலாம், காலை இன்னும் முடியவில்லை. சாப்பிட்டுவிட்டு வந்து மதியம் சொன்னால் "ஐ டுக் த்ரீ ரீடிங்ஸ் திஸ் மார்னிங்." ரீடிங் அதேதான், காலைதான் போய்விட்டது!

இன்டர்வியூவுக்கு வருவோம். "ஹேவ் யூ எவர் ஒர்க்டு ஆன் எ லேத்?" என்று கேட்கிறார்கள். இங்கே தேதி முக்கியமில்லை. அந்த அனுபவம் இன்று உங்கள் கையில் இருக்கிறதா என்பதே கேள்வி. "எஸ், ஐ ஹேவ்" என்று தொடங்குங்கள். அடுத்து விவரம் சொல்லும்போது உடனே சிம்பிள் பாஸ்டுக்கு மாறிவிட வேண்டும்: "ஐ யூஸ்டு ஒன் டியூரிங் மை இன்-பிளான்ட் டிரெய்னிங் லாஸ்ட் ஜூன். ஐ டர்ன்டு ஸ்டெப்டு ஷாஃப்ட்ஸ்." கதவைத் திறப்பது பெர்ஃபெக்ட், உள்ளே நடப்பது பாஸ்ட். ஆங்கிலம் பேசுகிறவர்கள் சாதாரணப் பேச்சில்கூட இப்படித்தான் மாறி மாறிப் போவார்கள்.

வேலையில் இருந்துகொண்டே வேறு கம்பெனிக்கு இன்டர்வியூ போகிற சீனியர்கள் கவனிக்க: "ஐ ஒர்க்டு தேர் ஃபார் டூ இயர்ஸ்" என்றால் வேலையை விட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். "ஐ ஹேவ் ஒர்க்டு தேர் ஃபார் டூ இயர்ஸ்" என்றால் இன்னும் அங்கேதான். தமிழில் "2 வருஷமா வேலை பார்க்கிறேன்" என்று நிகழ்காலத்தில் சொல்லிப் பழகியதால் "ஐ ஆம் ஒர்க்கிங் சின்ஸ் டூ இயர்ஸ்" என்று வாயில் வந்துவிடும். அது சரியல்ல. தொடங்கிய புள்ளிக்கு 'சின்ஸ்' (சின்ஸ் 2022), நீளத்துக்கு 'ஃபார்' (ஃபார் டூ இயர்ஸ்).

தியரி பேப்பரில் விஞ்ஞானிகளைப் பற்றி எழுதும்போதும் இது உதவும். ஃபாரடே மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தது 1831-ல். "ஃபாரடே டிஸ்கவர்டு" என்றுதான் எழுத வேண்டும். வருஷம் போடாவிட்டாலும் அப்படித்தான். மறைந்தவர் செய்த காரியம் அவர் காலத்தோடு முடிந்தது. ஆனால் அந்தக் கண்டுபிடிப்பு இன்றும் டிரான்ஸ்ஃபார்மராகவும் ஜெனரேட்டராகவும் ஓடுகிறதே! ஆகவே "ஹிஸ் டிஸ்கவரி ஹேஸ் சேஞ்சுடு த வேர்ல்டு" எனலாம்.

அமெரிக்கர்கள் இதில் கொஞ்சம் தாராளம். "டிபன் ஆச்சா?" என்பதற்கு "டிட் யூ ஈட் யெட்?" என்பார்கள், "ஐ ஆல்ரெடி ஃபினிஷ்டு" என்பார்கள். நம் இலக்கணப் புத்தகங்கள் பிரிட்டிஷ் வழக்கைச் சேர்ந்தவை. அவற்றின்படி "ஹேவ் யூ ஈட்டன் யெட்?", "ஐ ஹேவ் ஆல்ரெடி ஃபினிஷ்டு." சினிமாவில் கேட்டேன் என்று பரீட்சையில் எழுதி மார்க்கை விடாதீர்கள்.

நாளை ஷிஃப்ட் பார்க்கும்போது லாக் புக்கில் எழுதவேண்டி வரும். "த பம்ப் டிரிப்டு அட் 2.10. இட் ஹேஸ் நாட் பீன் ரீஸ்டார்ட்டட்." முதல் வரியில் மணி இருக்கிறது, அதனால் பாஸ்ட். இரண்டாவது வரியில் இப்போதைய நிலை இருக்கிறது, அதனால் பெர்ஃபெக்ட். அடுத்த ஷிஃப்ட்காரர் உங்களுக்கு போன் போடாமல் நேரே பம்ப் ஹவுஸுக்குப் போய்விடுவார்.