என்டர் விசை மட்டும் போதுமா?

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

கருத்தை எழுதுவது ஒரு கலை. எழுதியதைத் தாளில் ஒழுங்குற அமைப்பது மற்றொரு கலை. நம் பழைய ஓலைச் சுவடிகளில் செய்யுள் அடிகளும் உரைநடை போலத் தொடர்ந்தே எழுதப்பட்டிருக்கும். அவற்றை அடியும் சீருமாகப் பிரிக்கும் பொறுப்பு பதிப்பாசிரியர்களைச் சார்ந்தது. இன்று அப்பொறுப்பு கணினி முன் அமரும் ஒவ்வொருவருக்கும் வந்துவிட்டது.

தட்டச்சுப் பொறியில் வரி முடிந்ததும் நெம்புகோலைத் தள்ளுவோம். வண்டி தொடக்கத்திற்குத் திரும்பும். தாள் ஒரு வரி மேலேறும். இவ்விரு செயல்களும் ஆஸ்கி குறியீட்டில் 13, 10 என்னும் எண்களைப் பெற்றன. அடுத்த பக்கத்திற்குச் செல்ல 12 என்னும் எண் உண்டு. ஆகவே, நம் கண்ணுக்கு வெற்றிடமாகத் தோன்றுவது கணினிக்கு ஒரு கட்டளை என்பதை முதலில் மனத்திற் கொள்ள வேண்டும். அக்கட்டளைகளையே முறிப்புகள் என்கிறோம்.

பத்தி முறிப்பு

சொற்செயலியில் வரி நிறைந்தால் தானே மடங்கும். கருத்து முடிந்து அடுத்த பத்தி தொடங்கும்போது மட்டும் என்டர் விசையை ஒருமுறை தட்டினால் போதும். பத்திகளுக்கிடையே இடம் வேண்டுமெனில் மறுமுறை தட்ட வேண்டாம்; பத்தி அமைப்பில் 6 அல்லது 12 புள்ளி இடைவெளி கொடுக்கலாம். 72 புள்ளிகள் ஓர் அங்குலம்.

வரி முறிப்பு

முகவரி, கவிதை ஆகியவற்றில் பத்தி முடியாமலே வரி முடிய வேண்டும். அங்கே ஷிப்ட் விசையுடன் என்டரைத் தட்டுக. இதற்கு மாறாக, முறியக் கூடாத இடங்களும் உண்டு. ‘25 கி.கி.’ என்பதில் எண் ஒரு வரியிலும் அலகு மறு வரியிலும் நின்றால் படிப்பவர் இடறுவார். கன்ட்ரோல், ஷிப்ட் இரண்டையும் அழுத்திக்கொண்டு இடைவெளி விசையைத் தட்டினால் அவை பிரியா.

பக்க முறிப்பு

புதிய இயலைப் புதுப் பக்கத்தில் தொடங்கப் பலரும் என்டரைப் பத்து முறை தட்டுகின்றனர். பின்னர் முதல் இயலில் மூன்று வரிகள் சேர்த்தால் இரண்டாம் இயலின் தலைப்பு மூன்று வரி கீழே இறங்கும். மூன்று வரிகளை நீக்கினாலோ முந்திய பக்கத்தின் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். கன்ட்ரோல் விசையுடன் என்டரை ஒருமுறை தட்டியிருந்தால், முன்னே எத்தனை வரி கூடினும் குறையினும் தலைப்பு பக்கத்தின் உச்சியிலேயே நிற்கும்.

பிரிவு முறிப்பு

அறிக்கையின் முன்னுரைக்கு ரோமன் எண். முதல் இயலிலிருந்து 1, 2 என எண். நடுவே அகன்ற அட்டவணைக்குக் கிடைமட்டத் தாள். ஒரே கோப்பில் இவையெல்லாம் அமைய, எம்.எஸ். வேர்டில் லேஅவுட் பகுதியிலுள்ள பிரேக்ஸ் என்பதைத் திறந்து பிரிவு முறிப்பை இடவேண்டும். பக்க எண் இருக்குமிடத்தில் முந்திய பிரிவோடுள்ள இணைப்பை நீக்குவதும் தேவை. லிப்ரே ஆபீஸில் பக்க நடையை மாற்றும் பக்க முறிப்பே இப்பணியைச் செய்யும்.

மறைந்துள்ள முறிப்புகளைக் கண்ணால் காணவும் வழியுண்டு. வேர்டில் கன்ட்ரோல், ஷிப்ட், 8; லிப்ரே ஆபீஸில் கன்ட்ரோல், எப்10. பிறர் தட்டச்சிட்ட கோப்பு கைக்கு வந்தால் முதலில் இதைச் செய்து பார்ப்பது நன்று.

இச்சிறு விசைகளைப் பற்றி இத்தனை விளக்கமா என நண்பர்கள் எண்ணலாம். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ஒரு மனு எழுதவும் என் தந்தை பிறரை நாடியே நின்றார். இன்று எழுதக் கற்ற நாமும், மூன்றாம் ஆண்டுச் செயல்திட்ட அறிக்கையைத் தட்டச்சு நிலையத்தில் கொடுத்துவிட்டு, ஒரு வரி திருத்தவும் பக்கக் கணக்கில் பணம் தந்து காத்திருக்கிறோம். எழுத்தறிவு பெற்றும் பிறர் கையை எதிர்பார்க்கும் நிலை மாற வேண்டாமா?

லிப்ரே ஆபீஸ் விலையின்றிக் கிடைக்கிறது. கல்லூரிக் கணினியில் ஒரு மணி நேரம் அமர்ந்து, நான்கு பக்கக் கட்டுரை ஒன்றில் இம்முறிப்புகளை இட்டுப் பழகுங்கள். அதன்பின் நடுவே ஒரு பத்தியைச் சேர்த்துப் பாருங்கள். தலைப்புகள் இருந்த இடத்தில் இருக்குமாயின், இக்கலை உங்களுக்குக் கைவந்துவிட்டது என்று கொள்ளலாம்.